நிற்காத கயிற்றில் ஏறுவது எப்படி? பனிமலை சேர்லிஃப்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் (நிலக்கரியைச் சுமந்து ஓடும் நீளமான ரப்பர் பெல்ட்) பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு கடலூரில். தங்கையைக் கட்டிக்கொடுத்தது புதுச்சேரியில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில். அவள் மகன் இப்போது பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு ஊரில் சேர்லிஃப்ட் மெக்கானிக். போன ஜனவரியில் மூன்று வாரம் அவனோடு தங்கியிருந்தேன். பனியில் சறுக்க எனக்கு வயதில்லை. அதனால் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் கூட நடக்கிறவர்கள், தங்கை வீட்டுப் பக்கத்து இன்ஜினியரிங் பிள்ளைகள், ஊர்க்காரர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்டதையும் சொன்னதையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

சேர்லிஃப்ட் என்பது நம்ம பழனி ரோப் கார்தானே?

ஒரே சாதி, வேறு வீடு. பழனியில் வின்ச் இருக்கிறது, அது தண்டவாளத்தில் ஓடும் பெட்டியைக் கயிறு கட்டி இழுப்பது. ரோப் காரில் கூண்டு தொங்குகிறது. சேர்லிஃப்டில் கூண்டு கிடையாது, கதவு கிடையாது. முதுகு சாய்கிற பெஞ்சு ஒன்று கயிற்றிலிருந்து தொங்கும், காலுக்குக் கீழே வெட்டவெளி. கீழே ஒரு பெரிய சக்கரம், மேலே ஒரு பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றி முனையே இல்லாத ஒரு இரும்புக் கயிறு. தாங்குவதும் அதே கயிறு, இழுப்பதும் அதே கயிறு. காலையில் ஓட ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கன்வேயர்காரன் கண்ணுக்கு இது பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கயிறு மாட்டிய கன்வேயர். நிலக்கரிக்குப் பதிலாக மனிதர்கள். நிலக்கரி பெல்ட்டில் ஏறப் பயப்படாது, தவறி விழுந்தாலும் வழக்குப் போடாது. வித்தியாசமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதை முதலில் யோசித்தது யார்? சுவிட்சர்லாந்துக்காரரா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற இடம். யூனியன் பசிபிக் ரயில்வே கம்பெனி, ரயிலுக்குக் கூட்டம் சேர்க்க அங்கே ஒரு பனிச்சறுக்கு ஊரைக் கட்டியது. 1936-ல் அங்கே ஓடியதுதான் உலகின் முதல் சேர்லிஃப்ட். வடிவமைத்தவர் ஜேம்ஸ் கரன், அந்த ரயில்வேயின் இன்ஜினியர். அவர் அதற்கு முன்னால் வெப்ப நாடுகளில் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் கருவியில் வேலை பார்த்தவர். ஓடுகிற கயிற்றில் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு தார். தாருக்குப் பதில் நாற்காலி, நாற்காலியில் ஆள் என்று மாற்றிப் போட்டார்.

இதைச் சொன்னதும் கடற்கரைச் சாலையில் ஒருவர் நம்பவே இல்லை, "வாழைத்தாரா?" என்று மூன்று தடவை கேட்டார். நம்ம மாவட்டத்தில் வாழைத் தோப்பில் தார் வெட்டி லாரிக்கு ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தாருக்கு அடிபடாமல் தூக்க வேண்டும், நிறுத்தி நிறுத்தி ஏற்றினால் கட்டுப்படியாகாது. கரனுக்கும் அதே இரண்டு கவலைதான். ஓடுகிற நாற்காலி வந்து ஆளை எடுக்கும்போது எந்த வேகம் வரை தாங்கும் என்று பார்க்க, ஒமாஹா நகரத்தில் லாரி ஒன்றின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே பனி இல்லை, அதனால் ஏறுகிறவர் காலில் உருளைச் சக்கரக் காலணி.

ஏறும்போது நிறுத்த மாட்டார்களா?

மாட்டார்கள். இந்த மெஷினின் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

யாருக்காக நிறுத்துவது? கயிறு ஒன்று. ஒருவர் ஏற நின்றால், அதில் தொங்குகிற அத்தனை பேரும் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஆறு விநாடிக்கு ஒரு நாற்காலி வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினால் ஓட்டமே இல்லை. அதனால் கயிறு ஓடிக்கொண்டே இருக்கும், நாம்தான் அதற்குத் தோதாக வந்து நிற்க வேண்டும்.

நான் முதலில் ஏறியது பழைய இரண்டு பேர் நாற்காலி. தரையில் சிவப்புக் கோடு. கோட்டில் நின்றேன். எதிரே மலை, பின்னால் பெரிய சக்கரத்தைச் சுற்றி நாற்காலி வருகிற சத்தம். "மாமா, முன்னாடி பாக்காதீங்க, திரும்பி அதைப் பாருங்க. முட்டிக்குப் பின்னாடி தொடும்போது உட்காருங்க. அதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடாதீங்க" என்றான் மருமகன். ஆபரேட்டர் என் நரையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். அப்படியும் நாற்காலியின் விளிம்பு முட்டிக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டியது. உட்கார்ந்துவிட்டேன், அல்லது உட்கார வைக்கப்பட்டேன். அடுத்த நொடி தரை இல்லை.

மனித முட்டி இவ்வளவுதான் தாங்கும் என்பதால், நாற்காலி கயிற்றோடு நிரந்தரமாகப் பிணைந்த லிஃப்டுகள் பெரும்பாலும் விநாடிக்கு 2.3 முதல் 2.5 மீட்டருக்கு மேல் வேகம் போவதில்லை. நன்றாகக் கவனியுங்கள்: அந்த எல்லையைப் போடுவது மோட்டாரோ கயிறோ இல்லை. ஏறும் இடத்தில் நிற்கிறவரின் முட்டி.

அதற்கும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஏறும் இடத்தில் தரையிலேயே ஒரு ரப்பர் பெல்ட் போட்டு, நம்மை நாற்காலி போகும் திசையில் மெல்ல நகர்த்துவது. நாமும் நகர்கிறோம், நாற்காலியும் நகர்கிறது, தட்டு குறைகிறது. அதைப் பார்த்ததும் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி குனிந்து ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கும் உருளை) எங்கே, டேக்-அப் (பெல்ட்டைத் தொய்யாமல் இழுத்து வைக்கும் அமைப்பு) எங்கே என்று தேடினேன். பின்னால் வரிசையில் நின்ற பிரெஞ்சுக்காரர்கள் பொறுமைசாலிகள்.

முனையே இல்லாத கயிறு என்றால், தொழிற்சாலையிலேயே வளையமாகச் செய்து வருமா?

வராது. நேர்க் கயிறாக டிரம்மில் சுற்றி மலைக்கு வரும். அங்கே இழுத்துப் போட்டு, இரண்டு முனையையும் பின்னிச் சேர்க்கிறார்கள். கடலூர் முதுநகர்ப் பக்கம் படகுக் கயிற்றை முடிச்சுப் போடாமல், இழைகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கொள்கை அதே. அளவுதான் மலைக்க வைக்கும். ஒட்டின் நீளம் கயிற்று விட்டத்தைப் போல 1,200 மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. 40 மில்லிமீட்டர் கயிறு என்றால் ஒட்டு மட்டும் 48 மீட்டர்.

கயிற்றில் ஆறு புரி (கம்பிகளை முறுக்கிய இழை), நடுவில் ஒரு மையம். இரண்டு பக்கத்துப் புரிகளையும் பிரித்து, ஒரு பக்கத்துப் புரியை எடுத்த பள்ளத்தில் மறுபக்கத்துப் புரியைப் படுக்க வைத்துக்கொண்டே போவார்கள். ஆறு ஜோடியும் ஆறு வெவ்வேறு இடத்தில் சந்திக்கும். சந்திக்கிற இடத்தில் மையத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்துக்குள் இரண்டு வால்களையும் எதிரெதிராகச் செருகிவிடுவார்கள். வெல்டிங் இல்லை, கிளாம்ப் இல்லை, பசை இல்லை. கயிறு இழுபட இழுபட வெளிப்புரிகள் உள்ளே இருக்கும் வாலை நெரிக்கும். எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு பிடி.

நெய்வேலியில் ஸ்டீல் கார்டு பெல்ட்டை (உள்ளே இரும்புக் கயிறுகள் வைத்த ரப்பர் பெல்ட்) நாங்கள் சூடாக வல்கனைஸ் பண்ணி ஒட்டுவோம். ஒட்டு சரியில்லை என்றால் ஷிப்ட் முழுக்க மேலதிகாரியின் முகத்தில் தெரியும். இங்கே அந்த வேலைக்கென்றே ஊர் ஊராகப் போகிற ஒட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். மருமகன் ஒட்டு இருக்கும் இடத்தைக் காட்டினான். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தும், அவன் விரல் வைத்த இடத்தில் கொஞ்சம் தடிப்பு என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

நாற்காலி கயிற்றிலிருந்து வழுக்கிவிடாதா?

நாற்காலியின் தண்டு உச்சியில் ஒரு தாடை இருக்கிறது, கிரிப் என்கிறார்கள். கயிற்றைக் கவ்விக்கொண்டிருக்கும். கவ்வும் விசையை ஸ்பிரிங் தருகிறது. செங்குத்தான இடத்தில், எண்ணெய் பூசிய கயிற்றில், முழுச் சுமையோடும் வழுக்கக் கூடாது. இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு விட்டுவிடுவதில்லை. கிரிப்பை இழுத்து வழுக்குகிறதா என்று சோதிக்கிறார்கள்.

நிரந்தரமாகக் கவ்வும் வகையில் ஒரு தொல்லை உண்டு. தாடை ஒரே இடத்தைக் கடித்துக்கொண்டே இருந்தால், அதன் விளிம்பில் கயிறு திரும்பத் திரும்ப வளைந்து கம்பிகள் களைத்துப் போகும். அதனால் குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் ஒவ்வொரு கிரிப்பையும் தளர்த்தி, கொஞ்ச தூரம் நகர்த்தி மறுபடி முடுக்க வேண்டும். நூற்றுக்கு மேல் நாற்காலி, பனியில், ஒவ்வொன்றாக. "இந்த வேலைக்கு மட்டும் யாரும் போட்டி போட மாட்டாங்க மாமா" என்றான்.

வேகமான லிஃப்டும் இருக்கிறதாமே? முட்டி என்ன ஆகும்?

முட்டியை ஏமாற்றாமல் கயிற்றை வேகமாக ஓட்ட ஒரே வழி, ஏறும் நேரத்தில் நாற்காலியைக் கயிற்றிலிருந்து பிரித்துவிடுவது. அப்படிப் பிரியும் கிரிப் சுவிட்சர்லாந்தில் 1940களிலேயே வந்துவிட்டது. நான்கு பேர் உட்காரும் அதிவேக வகை முதலில் ஓடியது 1981-ல், அமெரிக்காவின் கொலராடோவில் பிரெக்கென்ரிட்ஜ் என்ற இடத்தில்.

நிலையத்துக்குள் நடப்பதை நான் ஒரு முழு முற்பகல் நின்று பார்த்தேன். கயிறு விநாடிக்கு 5 மீட்டரில் ஓடுகிறது. நாற்காலி உள்ளே நுழைந்ததும் கிரிப்பின் மேல் இருக்கும் சின்ன உருளை ஒரு வளைந்த தண்டவாளத்தின் கீழ் போகிறது. தண்டவாளம் அதை அழுத்துகிறது, ஸ்பிரிங் சுருங்குகிறது, தாடை திறக்கிறது. 'டளக்' என்று ஒரு சத்தம். கயிறு தன்பாட்டுக்கு ஓடிப் போய்விடுகிறது. நாற்காலி இப்போது தண்டவாளத்தில் தொங்குகிறது. மேலே வரிசையாக ரப்பர் டயர்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுழல்கிறது. அவை நாற்காலியைக் கைமாற்றிக் கைமாற்றி வேகத்தைக் குறைத்து விநாடிக்கு 1 மீட்டருக்குக் கொண்டுவருகின்றன. ஆள் நடக்கிற வேகம். ஆள் ஏறியதும் மறுபக்கத்து டயர்கள் படிப்படியாக வேகமேற்றி, கயிற்றின் வேகமும் நாற்காலியின் வேகமும் ஒன்றாகும் இடத்தில் தாடை மூடுகிறது. வேகம் ஒன்றாகாமல் மூடினால் தாடை கயிற்றைத் தேய்க்கும். டயர்களுக்குத் தனி மோட்டார் தேவையில்லை, ஓடுகிற கயிற்றிலிருந்தே பெல்ட் வழியாக ஓட்டம் எடுக்கலாம். கயிறு மெதுவானால் டயர்களும் தானே மெதுவாகும். வேகப் பொருத்தம் தப்பாது. இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

தாடை சரியாக மூடியதா, ஸ்பிரிங்குக்கு விசை இருக்கிறதா என்று நிலையத்தைவிட்டு வெளியேறும் முன்னே சோதனை நடக்கிறது. தவறினால் மொத்த லிஃப்டும் நிற்கும். நீங்கள் ஏறி லிஃப்ட் காரணமில்லாமல் நின்றால், அனேகமாக ஒரு சென்சார் சந்தேகப்பட்டிருக்கும். இல்லையென்றால் கீழே ஒருவர் விழுந்திருப்பார்.

இன்னொரு லாபம்: ராத்திரியில் நாற்காலிகளைக் கயிற்றிலிருந்து கழற்றி ஷெட்டில் அடுக்கிவிடலாம். காலையில் பனி சுரண்டும் வேலை மிச்சம்.

வேகம் இரண்டு மடங்கு என்றால் இரண்டு மடங்கு ஆட்களை ஏற்றும், சரிதானே?

இன்ஜினியரிங் பிள்ளைகள் எல்லோரும் இதில் விழுந்தார்கள். நானும் முதலில் விழுந்தேன்.

கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் நாற்காலி, ஆறு விநாடிக்கு ஒன்று. மணிக்கு 600 நாற்காலி, 2,400 பேர். இந்தக் கணக்கில் கயிற்றின் வேகம் வரவே இல்லை. ஏறும் இடத்தில் எத்தனை விநாடிக்கு ஒரு நாற்காலி வருகிறது என்பது மட்டும்தான் வருகிறது. நான்கு பேர் தடுமாறாமல் வந்து நிற்க அந்த ஆறு விநாடி வேண்டும். கயிறு பறந்தாலும் அந்த ஆறு ஆறுதான்.

அப்படியானால் காசைக் கொட்டி வேகமான லிஃப்ட் ஏன்? 1,500 மீட்டர் வழி என்று வையுங்கள். 2.3 மீட்டர் வேகத்தில் 11 நிமிடம் ஆகும். நாற்காலிக்கு நாற்காலி 14 மீட்டர் இடைவெளி. மேலே போகும் பக்கம் சுமார் 109 நாற்காலி, 435 பேர் ஒரே சமயத்தில் அந்தரத்தில். 5 மீட்டர் வேகத்தில் 5 நிமிடம். 30 மீட்டருக்கு ஒரு நாற்காலி. 50 நாற்காலி, 200 பேர். இறக்கிவிடும் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் குளிரில் தொங்கும் நேரம் பாதிக்கும் கீழே போய்விட்டது, கயிறு தாங்கும் சுமையும் பாதிக்கும் கீழே. அதே 30 மீட்டர் இடைவெளி நிலையத்துக்குள் 6 மீட்டராகச் சுருங்கிவிடும். வெளியே பேருந்து போல ஓடி, உள்ளே வரிசையாக மெல்ல நகர்கிற கூட்டம்.

வரிசை குறைய வேண்டுமென்றால் நாற்காலியை அகலமாக்க வேண்டும். அதனால்தான் ஆறு பேர், எட்டு பேர் நாற்காலிகள் வந்தன. எட்டு பேர் ஒரே கோட்டில் ஒழுங்காக நிற்பார்கள் என்று நம்புவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

தூண்களின் மேல் இருக்கும் சின்னச் சக்கரங்கள் எதற்கு? கயிறு அதிலிருந்து இறங்கிவிடாதா?

அவை நம்ம ஐட்லர்கள்தான். ரப்பர் வளையம் போட்ட உருளைகள், இரண்டு, நான்கு, எட்டு என்று ஜோடி ஜோடியாக ஒரு ஆடும் சட்டத்தில் கோத்திருக்கும், பாரம் எல்லாவற்றிலும் சமமாக விழுவதற்காக. மேடான இடத்தில் கயிறு உருளைகளின் மேல் கிடக்கும். பள்ளமான இடத்தில் கயிறு மேலே எழப் பார்க்கும், அங்கே உருளைகள் கயிற்றின் மேல் உட்கார்ந்து கீழே அமுக்கும். கிரிப் இரண்டு வகை உருளைகளையும் தாண்டிப் போகிற மாதிரி மெலிசாக, பக்கவாட்டில் கவ்வ வேண்டும். தூண் தாண்டும்போது கடகடவென்று ஒரு அதிர்வு வருமே, அது கிரிப் உருளைமேல் ஏறி இறங்குவது.

கயிறு உருளையைவிட்டு இறங்கினால் விழாமல் ஏந்த வெளிப்பக்கம் ஒரு இரும்புத் தொட்டில் இருக்கும். அதோடு ஒரு குச்சி மாதிரி மெல்லிய சுவிட்ச். கயிறு இடம் மாறினால் குச்சி உடையும், மின்சுற்று அறும், லிஃப்ட் நிற்கும். நெய்வேலியில் பெல்ட் ஓரமாகப் புல் கார்டு என்று ஒரு கயிறு ஓடும், ஆபத்து என்றால் யாரும் இழுக்கலாம். இங்கே இழுக்க ஆள் வேண்டாம்.

கயிறு தொய்ந்து போகாதா?

போகும், தினமும். வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், ஆள் ஏறினால் தொய்யும், புதுக் கயிறு நாளாக ஆக நிரந்தரமாகவே கொஞ்சம் நீளும். அதனால் இரண்டு பெரிய சக்கரங்களில் ஒன்று நகரும் வண்டியில் உட்கார்ந்திருக்கும். பழைய லிஃப்டுகளில் அதன் பின்னால் கிணற்றுக்குள் தொங்குகிற கான்கிரீட் எடைக்கல். புதியவற்றில் ஹைட்ராலிக் சிலிண்டர். கன்வேயரின் டேக்-அப் அப்படியே.

இழுவிசை இல்லாவிட்டால் சக்கரம் சுற்றும், கயிறு நகராது. கயிறு பெரிய சக்கரத்தில் அரைச்சுற்றுத்தான் படிகிறது. உராய்வு ஒன்றுதான் பிடிமானம். பள்ளத்தில் ரப்பர் பதித்திருப்பது அதற்காக. ஐப்பசி மழையில் எங்கள் டிரைவ் புல்லி (பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) பெல்ட்டுக்கடியில் வழுக்கிச் சுற்றி ரப்பர் கருகுகிற வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

கரண்ட் போனால்?

நம்ம ஊரில் யாருக்குச் சொன்னாலும் இரண்டாவது கேள்வி இதுதான். நாங்கள் வளர்ந்த விதம் அப்படி.

முதலில் எவ்வளவு கரண்ட் என்று பாருங்கள். மணிக்கு 2,400 பேர், ஆளுக்குச் சாமானோடு 80 கிலோ, 300 மீட்டர் உயரம். உராய்வை விட்டுவிட்டாலும் தூக்குவதற்கு மட்டும் சுமார் 160 கிலோவாட். கிணற்றில் போடும் 5 எச்பி மோட்டார் 42 சேர்ந்த மாதிரி. சறுக்குகிறவர்கள் சறுக்கிக்கொண்டே இறங்கிவிடுவதால் இறங்கும் பக்கம் நாற்காலிகள் காலி. அந்தப் பக்கத்து எடை உதவிக்கு வராது.

மின்சாரம் போனால் பிரேக் பிடித்து லிஃப்ட் நிற்கும். பிறகு டீசல் இன்ஜினை இணைத்து, மெதுவாக எல்லோரையும் மேலே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். டீசலும் ஓடாது, சக்கரத்தையே சுற்ற முடியாது என்கிற நிலை வந்தால், தூண் தூணாக ஆட்கள் வந்து, கயிறு கட்டி ஒவ்வொருவராகத் தரைக்கு இறக்குவார்கள். அதற்குச் சீசன் தொடங்கும் முன்னே ஒத்திகை உண்டு. மருமகன் அதில் பொம்மையாக உட்காரும் வேலையைத் தான் பார்த்ததாகச் சொன்னான்.

பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டால்?

பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஏறும் பக்கம் முழுக்க ஆட்கள், இறங்கும் பக்கம் காலி. பிடி விட்டால் கனமான பக்கம் கீழே ஓடப் பார்க்கும். 2018 மார்ச்சில் ஜார்ஜியா நாட்டின் குடௌரி என்ற இடத்தில் அப்படித்தான் ஒரு லிஃப்ட் பின்னோக்கி ஓடியது. கீழே சக்கரத்தைச் சுற்றும் இடத்தில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குவிந்தன. ஆட்கள் குதித்தார்கள், பலருக்குக் காயம்.

அதனால் ஒரு பிரேக்கை நம்புவதில்லை. மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வேகத் தண்டில் ஒன்று, அன்றாட வேலைக்கு. கியர்பாக்ஸ் உடைந்தால் அந்த பிரேக் எதைப் பிடித்து என்ன பயன்? அதனால் பெரிய சக்கரத்தின் விளிம்பையே நேராகக் கவ்வும் இரண்டாவது பிரேக். பின்னோக்கிச் சுழல ஆரம்பித்தாலே தடுக்கும் ஏற்பாடு தனியாக. பிரேக்கை மூடுவது ஸ்பிரிங். திறந்து வைத்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம். அழுத்தம் போனால் பிரேக் தானே மூடும். பிரேக் பிடிக்க எதுவும் வேலை செய்யத் தேவையில்லை என்பதுதான் இதில் அழகு.

காற்று அடித்தால்?

நிறுத்திவிடுவார்கள். பழனியில் காற்று பலமாக இருந்தால் ரோப் கார் நிறுத்தம் என்று பேப்பரில் படிக்கிறோமே, அதேதான். தூண்களின் மேல் காற்றுமானி இருக்கிறது. முதலில் வேகத்தைக் குறைப்பார்கள், பிறகு ஆள் ஏற்றுவதை நிறுத்தி, ஏறியவர்களை இறக்கிவிட்டு மூடுவார்கள். எல்லை ஒவ்வொரு லிஃப்டுக்கும் வேறு. நேர்க்காற்றைவிடப் பக்கக்காற்று மோசம். காலி நாற்காலி லேசாக இருப்பதால் அதிகம் ஆடித் தூணில் இடிக்கும்.

காற்றில் இன்னொரு ஆபத்து மரம். 2017 ஜூனில் காஷ்மீரின் குல்மார்க் கொண்டோலாவில் (கூண்டு தொங்கும் ரோப் கார்), காற்றில் வேரோடு சாய்ந்த மரம் கயிற்றின் மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயலில் நம்ம பலா, முந்திரித் தோப்புகள் விடிவதற்குள் படுத்ததைப் பார்த்தவர்களுக்கு, கயிற்று வழியின் இரண்டு பக்கமும் ஏன் அகலமாக வெட்டி விடுகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

சீட்டுக்கு ஹீட்டர் உண்டாமே?

புதியவற்றில் உண்டு. மேலே கவிழ்க்கும் பிளாஸ்டிக் மூடியும் உண்டு. நான் ஏறியதில் இல்லை.

கோடையில் மெக்கானிக்குகளுக்கு விடுமுறையா?

கோடைதான் அவர்களுக்கு வேலைக்காலம். உருளைகளை இறக்கி பேரிங் பார்ப்பது, ரப்பர் வளையம் மாற்றுவது, கிரிப்பைப் பிரித்து விரிசல் தேடுவது. கயிற்றைக் காந்தக் கருவிக்குள் ஓடவிட்டு, வெளியே தெரியாத அறுந்த கம்பிகளைக் கண்டுபிடிப்பது. பழனியில் ரோப் காரை மாதம் ஒரு நாளும் வருடத்துக்கு ஒருமுறை பல நாட்களும் நிறுத்துகிறார்களே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

மருமகன் தூணடியில் நின்று, ஓடுகிற உருளைகளைக் கண்ணை மூடிக் கேட்பான். பதினாறு உருளையில் மூன்றாவது உருளைக்குக் காய்ச்சல் என்பான். சுரங்கத்தில் நாங்களும் இரவு ஷிப்டில் ஐட்லர்களை அப்படித்தான் கேட்டோம், காதில் பஞ்சு வைக்கச் சொன்ன காலத்திலும்.

இந்தியாவில் எங்கே ஏறலாம்?

பனிக்கு, உத்தராகண்டில் ஔலி. காஷ்மீரின் குல்மார்க்கில், பிரான்ஸின் போமா கம்பெனி அமைத்த கொண்டோலாவோடு தனியாகச் சேர்லிஃப்டும் இருக்கிறது. பனி வேண்டாம், மெஷின் மட்டும் போதும் என்றால் பீகாரின் ராஜ்கிர்: ஆளுக்கு ஒரு நாற்காலி, நடந்து போய் ஓடுகிற நாற்காலியில் உட்காருவது. முதல் பாடம் படிக்க நல்ல இடம்.

நம்ம கேப்பர் மலைக்கு ஒன்று போட்டால் என்ன?

கேப்பர் மலையை மலை என்பது கடலூர்க்காரர்களின் பெருந்தன்மை. ஏறி உட்கார்ந்து மடிக்கு முன்னால் வரும் பாதுகாப்புக் கம்பியை இறக்குவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை உப்புக்காற்று. நம்ம வீட்டு ஜன்னல் கம்பியையே மூன்று வருடத்தில் தின்றுவிடுகிற காற்று, ஆயிரக்கணக்கான மெல்லிய கம்பி முறுக்கிய கயிற்றை விடுமா? துத்தநாகம் பூசிய கயிறு கொஞ்ச நாள் தாங்கும். பிறகு அந்தக் காந்தக் கருவிதான் வாராவாரம் வர வேண்டும்.

முதல் தடவை ஏறப் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

முதுகுப் பையைக் கழற்றி மடிக்குக் கொண்டுவாருங்கள். பையின் வார் நாற்காலியில் மாட்டி இறங்க முடியாமல் தவிப்பது அங்கே தினசரிக் காட்சி. துப்பட்டா, மஃப்ளர் நுனிகளை உள்ளே செருகுங்கள். பனிச்சறுக்கு ஊன்றுகோல் இரண்டையும் ஒரே கையில். கோட்டில் நின்று தோள் வழியாகத் திரும்பிப் பாருங்கள், தொட்டதும் உட்காருங்கள், பின்னால் நகர்ந்து சாயுங்கள், பாதுகாப்புக் கம்பியை இறக்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் தலையைப் பார்த்து இறக்குங்கள்.

நடுவழியில் நின்றால் சும்மா உட்கார்ந்திருங்கள். குதிக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. மேலே கம்பியைத் தூக்கச் சொல்லி ஒரு பலகை வரும், அதற்கு முன்னால் தூக்காதீர்கள். பனிச்சறுக்குக் கட்டையின் மூக்கை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, தரை தட்டியதும் எழுந்து நேராகப் போங்கள். எழத் தவறி உட்கார்ந்தே இருந்துவிட்டால், கொஞ்சம் தள்ளி ஒரு கம்பி உங்கள் காலில் தட்டி லிஃப்டை நிறுத்தும். வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

இறங்கிய இடத்தில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். ஆறு விநாடியில் அடுத்த நாற்காலி வரும்.